வேலைப் பொருத்தம்

கலியாணப் பொருத்தம் பார்ப்பவரிடமிருந்து தப்பிவிடலாம். சாதகம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதும். வேலைப் பொருத்தம் பார்ப்பவரிடமிருந்து தப்ப வழியே இல்லை. அவருக்கு உங்கள் முகம் போதும்.

இந்த இனத்தில் எங்கள் தெல்லிப்பழைக்கு வாய்த்தவர் ஏர்னெஸ்ட் ஐயா. தொழில் வழிகாட்டல் ஆலோசகர். ஆளுமைச் சோதனை என்று ஒரு கட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறார். ஆனால் கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்தால் கணக்காளர், சத்தத்தோடு இழுத்தால் பொலிஸ், இழுக்கலாமா என்று கேட்டால் ஆசிரியர், ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டால் சாவகச்சேரி நீதிமன்றத்தில் சட்டத்தரணி என்று, நீங்கள் அதில் உட்காருவதற்கு முன்பே உங்கள் ஓய்வூதியம் வரை முடிவாகிவிடும். பிறகு எதற்குக் கேள்விகள்? ஒரு மரியாதைக்குத்தான்.

மயிலிட்டியிலிருந்து லூர்த்தம்மா தன் மகள் லவீனாவைக் கூட்டி வந்தார். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் வேலையை மீனவர் சங்கம் அவளுக்குத் தரவிருந்தது. அவளுக்கும் அதில்தான் ஆசை. அன்று விடியவே ஒத்திகையாக ஏலம் கூறிவிட்டு வந்ததில் தொண்டை கட்டி, வெறும் காற்றுத்தான் வந்தது.

"பிள்ளை நல்ல அமைதி," என்றார் ஐயா. "நூலகத்துக்கெண்டே பிறந்தது."

"ஐயா, உவள் வீட்டிலை கதைச்சால் றோட்டிலை பஸ் நிக்கும்," என்றார் லூர்த்தம்மா.

"அது வெளித்தோற்றம் அம்மா. நான் உள்ளுக்கைப் பாத்துச் சொல்லுறன்."

லவீனா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அடக்கமும் இருக்கு," என்றார் ஐயா.

படித்தவர் சொல்லைத் தட்டலாமா? நூலக வேலை வரும்வரை என்று லூர்த்தம்மா மகளை வீட்டில் இருத்திவிட்டார். பாவம், அந்தப் பிள்ளை அழாத நாளில்லை. அவள் இல்லாத துறைமுகத்தில் விளைமீனும் பாரையும் வியாபாரிகள் வைத்ததே விலையாகப் போயின. தன் மீன் போன விலையைக் கேட்ட அன்றே தகப்பன் பேதுரு, "நூலகம் கிடக்கட்டும், நீ வா," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

போன சனிக்கிழமை மீன் வாங்க வந்த ஏர்னெஸ்ட் ஐயா அவள் குரலைக் கேட்டார். கேட்காமல் இருக்கவும் முடியாது. அவள் விலை கூறத் தொடங்கினால் வள்ளக்காரர், வியாபாரிகள், பேரம் பேசவே பிறந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஐயா அசரவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

"பாத்தியளே? நூலகத்துக்கு ஏத்த பிள்ளையெண்டு அப்பவே சொன்னனான். எல்லாரையும் எப்பிடி அமைதியா வைச்சிருக்கிறாள்."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தை உங்கள் விரலை இறுக்கிப் பிடித்தபோது, "பிடியைப் பாருங்கோ, இவன் ஒப்பரேஷன் செய்யிற டொக்டர்தான்" என்று சொன்னது யார்?