கோல்கீப்பர் சட்டையில் சேறு

ஒரு காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் துவைக்கிற கல் ஒன்று. கல்லின்மேல் பதினொரு ஜெர்சி. ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள் செம்பாயி முயல்.

அத்திக்காட்டுக் கால்பந்துக் கழகத்துச் சட்டைகள் அவை. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வளையைக் கழகம் அவளுக்குக் குடியிருக்க விட்டிருந்தது. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துத் தர வேண்டும். வளைக்குள் ஐந்து குட்டிகள். பிறந்து நாலு நாள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. மழைக்காலமோ இதோ அதோ என்று நின்றது. அதனால் செம்பாயி கழகத்தைப் பற்றி நல்லதும் பேச மாட்டாள், கெட்டதும் பேச மாட்டாள். குனிந்த தலை நிமிராமல் கும்முவாள்.

ஆனால் துவைக்கிறவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? யார் ஓடினார்கள், யார் விழுந்தார்கள், யார் சட்டையை யார் பிடித்து இழுத்தார்கள், எல்லாம் அழுக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்துச் சட்டையில் புழுதியும் புல்கறையும் அப்பியிருக்கும். ஒன்றாம் நம்பர் மஞ்சள் சட்டை மட்டும், போன வாரம் அவள் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும். அது கோல்கீப்பர் தேவாங்கின் சட்டை. கழகம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தது. வாங்கிய கோல் முப்பத்தொன்று. சட்டையில் வாங்கிய அழுக்கு, கண்ணுக்கு மை வைக்கக்கூடக் காணாது. ஆனாலும் செம்பாயி அதையும் நனைத்துத்தான் காயப்போடுவாள். நனைக்காமல் போட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

அந்த வாரம்தான் கொம்பையா வாயைத் திறந்தார்.

கொம்பையா ஒரு காட்டுப்பன்றி. ஒன்பது வருசத்துக்கு முன்னால் இறுதியாட்டத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டு, கழகத்துக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டு, ஆட்ட நாட்களில் செல்போனில் நேரலையாகக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க பழைய கழகம் ஏன் இப்படி ஆயிப்போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"போன வாரம் அந்த வழியா வந்தேன்ப்பா. துவைக்கிற கல்லுப் பக்கம் அழுக்குத்துணி குவிஞ்சு கிடந்துச்சு. பத்துச் சட்டை மண்ணா இருக்கு. கோல்கீப்பர் சட்டை மட்டும் கடையில வாங்கின மாதிரி மடிப்போட கிடக்கு. தோக்குறது வெக்கமில்லப்பா. சட்டை கசங்காம தோக்குறதுதான் வெக்கம்."

அவ்வளவுதான். காடு பற்றிக்கொண்டது.

ஒன்பது வருசமாக அவரைச் சிங்கம் சிங்கம் என்று கூப்பிட்டவர்கள், அன்றைக்குத்தான் அவர் பன்றி என்பதைக் கவனித்தார்கள்.

ரசிகர் மன்றத் தலைவர் வால்ராசு என்கிற கருமந்தி, அத்திமரத்தடியில் மேசை போட்டார். மன்றச் செயலாளர் உடும்பு, 'மனம் புண்பட்டதற்கான படிவம்' கொடுக்க ஆரம்பித்தது. மூன்று பிரதி எழுத வேண்டும். வரிசை ஓடைவரைக்கும் நின்றது. துவைத்துக்கொண்டே செம்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு போட்டது ஒரே ஒரு கோலுங்கிறேன்! அதுவும் பந்து தானா வந்து மூஞ்சில பட்டது. இவரு நவுந்திருந்தா கோலே விழுந்திருக்காது" என்றது மரநாய்.

"நீதானய்யா அன்னிக்கு அவரத் தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போன?"

"தூக்கினப்பவே கனமாத்தான் இருந்தாரு. அப்பவே சந்தேகப்பட்டேன்."

முள்ளம்பன்றிக்கு வேறு கவலை. "ஏங்க செயலாளரே, எம் பையனுக்குக் கொம்பையான்னு பேரு வச்சுத் தொலைச்சுட்டேன். மாத்துறதுக்கு இந்தப் படிவமா, வேறயா?"

"அது மஞ்சள் படிவம். முதல்ல புண்படு, அப்புறம் பேர மாத்தலாம்" என்றது உடும்பு.

கொம்பையா என்ன சொன்னார் என்றே யானைக்குத் தெரியவில்லை. ஆனாலும் வந்திருந்தது. "என்ன வார்த்தையால புண்பட்டீங்கன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னங்க எழுத?"

"முன்னால நிக்கிறவரு எழுதினதப் பாத்து எழுதுங்க."

அன்று மத்தியானம் வரைக்கும் இருநூற்றுப் பதினாலு பேர் புண்பட்டார்கள். கோல்கீப்பரை மாற்றலாமா என்று கேட்கத்தான் ஒருத்தரும் வரிசையில் இல்லை. அதற்குப் படிவமும் இல்லை.

கோபம் முற்றினால் அது யார் வீட்டுக்காவது நடந்து போக வேண்டுமே. கொம்பையாவின் காடு தூரம். செம்பாயியின் கல் பக்கம். வால்ராசுவும் உடும்பும் இருபது ரசிகர்களும் அவள் முன்னால் வந்து நின்றார்கள். செம்பாயி சோப்பைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா செம்பாயி, சட்டை மடிப்புக் கலையலன்னு அந்தப் பன்னிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"குவியல் பாதையிலதானங்க கிடந்துச்சு. எல்லாரும் அந்த வழியாத்தானங்க போறீங்க."

"போனோம். எங்க கண்ணுல அது படல. ஏன்னா நாங்க விசுவாசிங்க."

"நான் யார்கிட்டயும் பேசுறதே இல்லீங்க."

"பேசாதவங்கதான் சொல்லிக் குடுப்பாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உடும்பு ஒரு கேள்வியைப் பிடித்தால் விடாது. "சட்டையில அழுக்கு இருந்துச்சா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லு."

இல்லை என்றால் கழகத்தைக் காட்டிக்கொடுத்தவள். இருந்தது என்றால் பொய். செம்பாயி வளைப்பக்கம் ஒருதரம் பார்த்தாள். "இருந்துச்சுங்க. நாந்தான் நல்லா வெளுத்துட்டேன்."

"பாத்தீங்களா!" வால்ராசு துள்ளிக் குதித்தார். "வெளுத்துட்டாளாம்! நம்ம கோல்கீப்பர் உழைச்ச உழைப்புக்கு இருந்த ஒரே ஆதாரத்தை இவ வாராவாரம் அலசி ஓடையில விட்டிருக்கா!"

கூட்டம் மூச்சை இழுத்தது. ஏழு ஆட்டமாக எவ்வளவு பெருமை ஓடையோடு போயிருக்கிறது என்று எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. மறுநாள் மத்தியானம் பயிற்சி ஆட்டம். அது முடிந்ததும் மஞ்சள் சட்டையைத் துவைக்காமல் அப்படியே சாயங்காலப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும். அழுக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் இருட்டுவதற்குள் வளையைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் செம்பாயி வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகப் போய் ஒருத்தரிடம் பேசினாள். கோல்கீப்பர் தேவாங்கு மேல்கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஆரம்பித்துக் கால்மணி ஆகியிருந்தது.

"அண்ணே… அண்ணே… ஒரே ஒரு தடவ கீழ விழுந்து எந்திரிங்கண்ணே. எம் புள்ளைங்க பொழைச்சுக்கும்."

தேவாங்கு பாதிக் கண்ணைத் திறந்தார். "பந்து வரட்டும்மா."

"இப்பத்தான் வந்துட்டுப் போச்சுண்ணே. நாலு தடவ."

"அப்படியா? சத்தமே கேக்கல." ஒரு கொட்டாவி விட்டார். "நான் ராத்திரி முழிக்கிற சாதிம்மா. என்னய எடுக்கும்போதே சொன்னேன். 'உனக்குத்தான் காட்டுலயே பெரிய கண்ணு, நீதான் கோல்கீப்பர்'னுட்டாங்க. கண்ணு எத்தனை மணிக்குத் திறக்கும்னு ஒருத்தரும் கேக்கல."

"இப்பவாச்சும் அவங்ககிட்டச் சொல்லலாமுல்லண்ணே?"

"சொல்லத்தான் நினைக்கிறேன். அவங்க கூட்டம் போடுறப்பல்லாம் எனக்குத் தூக்கம் வந்துருது" என்றார். அடுத்த வார்த்தைக்குள் குறட்டை வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தது. சட்டை வந்தது. மடிப்பு அப்படியே இருந்தது.

செம்பாயி கல்லின்மேல் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வளைக்குள்ளிருந்து ஐந்து வாயும் பாலுக்குக் கீச்சிட்டன. பிறகு எழுந்து, காட்டெருமை புரளும் குட்டைக்குப் போய் ரெண்டு கை சேறு அள்ளிக்கொண்டு வந்தாள்.

அழுக்கை எடுக்கத் தெரிந்தவளுக்கு வைக்கவும் தெரியாதா? நிஜமாகப் பாய்கிறவனுக்கு எங்கே சேறு படும் என்று அவளுக்கு மனப்பாடம். வலது இடுப்பில் ஓர் இழுப்பு இழுத்தாள். முழங்கையில் அழுத்தித் தேய்த்தாள். நெஞ்சில் பந்து பட்ட மாதிரி வட்டமாக ஒரு அச்சு வைத்தாள். காலரைச் சும்மா கசக்கிவிட்டாள். கடைசியில் ரெண்டு புல்லைப் பிடுங்கித் தோளில் ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தால் அவளுக்கே அந்தக் கோல்கீப்பர்மேல் ஒரு மரியாதை வந்தது.

பொதுக்கூட்டத்தில் வால்ராசு சட்டையை வாங்கி, ரெண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். யானை தேம்பத் தொடங்கியது.

"இந்தச் சேத்தப் பாருங்கய்யா!" வால்ராசு சட்டையை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினார். "இதையா கசங்காத சட்டைன்னான் அந்தப் பன்னி?"

வரிசையாக வந்து முகர்ந்து பார்த்தார்கள். மரநாய் கண்ணில் ஒற்றிக்கொண்டது. முள்ளம்பன்றி கட்டிப்பிடிக்கப் போனது. சட்டை கிழிந்துவிடும் என்று தடுத்துவிட்டார்கள்.

வாலாட்டிக் குருவி ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்டது. "மழை பேஞ்சு மூணு மாசமாச்சே. மைதானம் பூராவும் புழுதியாத்தானே கிடக்கு. இது ஈரச்சேறா இருக்கே?"

செம்பாயி யானைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

உடும்பு எழுந்தது. குருவியை மேலும் கீழும் பார்த்தது. "அவ்வளவு ஆழமாப் பாஞ்சிருக்காரு" என்றது.

கைதட்டல் அடங்கக் கால்மணி ஆனது. குருவிக்கு ஒரு படிவம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, கொம்பையாவின் கோல் ஒன்பது வருசத்துக்கு முன்தேதியிட்டு ரத்து. இரண்டு, செம்பாயிக்கு வளை நிரந்தரம். மூன்று, இனிமேல் அவள் துவைக்க வேண்டாம், கூட்டத்துக்குச் சட்டையை இதே பதத்தில் கொண்டு வந்தால் போதும்.

அடுத்த ஆட்டத்தில் கழகம் ஒன்பது கோல் வாங்கித் தோற்றது. ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீரோடு வீட்டுக்குப் போனார்கள். "சட்டையப் பாத்தியா? என்னா உழைப்பு!" அதைப் பார்த்த மற்றப் பத்துப் பேரும் செம்பாயியிடம் வந்து தலையைச் சொறிந்தார்கள். "எங்களுக்கும் ரெண்டு கை போட்டு விடும்மா. ஓடினா இம்புட்டுப் படிய மாட்டேங்குது." அதற்கடுத்த ஆட்டத்தில் ஒருத்தரும் ஓடவில்லை. பதினாலு கோல். சேறு சொட்டச் சொட்ட நின்றவர்களைத் தோளில் தூக்கி ஊர்வலம் விட்டார்கள். தேவாங்குக்கு 'உழைப்பாளி' விருது கொடுத்தார்கள். அவர் மேடையிலேயே தூங்கினார். பாவம், களைப்பு என்றார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் குட்டிகள் கண் திறந்து, கதகதப்பாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. செம்பாயி குட்டையோரம் உட்கார்ந்து அன்றைய சேற்றைப் பதமாகப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்போது புதரை விலக்கிக்கொண்டு, நனைந்த முதுகோடு கொம்பையா வந்து நின்றார். ஆள் இளைத்துப்போயிருந்தார்.

"பயப்படாத தங்கச்சி. சண்டைக்கு வரல. போற எடத்துலெல்லாம் என்னயப் பொய்யன்னு சொல்றாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. அன்னிக்கு அந்தக் குவியல்ல நான் பாத்த சட்டை நெசமாவே மடிப்புக் கலையாமத்தானே கிடந்துச்சு? நீ ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. நான் போயிர்றேன்."

செம்பாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நீங்க அன்னிக்குச் சொன்னது அத்தனையும்…"

"ஏ செம்பாயி!" மைதானத்திலிருந்து வால்ராசுவின் குரல் வந்தது. "ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது, கோல்கீப்பருக்கு நெஞ்சுல சேறு பத்தலியாம்! எடுத்துக்கிட்டு ஓடியா!"

"இந்தா வந்துட்டேங்க!"

நீதி: தோற்கிற வீட்டுக்குச் சோப்போடு போகாதே, சேற்றோடு போ, பாய் போட்டுச் சோறும் போடுவார்கள்.