கைப்பேசிக்குள் வந்த அம்மையாருக்குக் கட்டிய குலைவாழை

உதவி இருவகைப்படும். கேட்டபின் செய்வது ஒன்று. கேளாமலே செய்வது மற்றொன்று. முதலாவதற்கு எனக்கு வாய்ப்புகள் அரிதாகவே அமைந்தன. இரண்டாவதில் எனக்கு நிகரானவர் பூதப்பாண்டி வட்டாரத்தில் எவரும் இலர் என்பதை என் குடும்பத்தார் ஒருமனதாக ஒப்புக்கொள்வர்.

என் தம்பி மஸ்கட்டில் பணிபுரிகிறான். அவன் மகள் அபிஷா வேளாண்மைக் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றபோது, நெதர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். கண்ணாடிக் கூடங்களுக்குள் பயிர்களை வளர்த்து, அவற்றுக்கு வரும் நோய்களை ஆராயும் இடமாம். பல நாட்டு மாணவர்களும் அந்த இடத்துக்குப் போட்டியிட்டனர். ஆரம்பக் கட்டங்களை எல்லாம் அவள் தாண்டிவிட்டாள்; எஞ்சியது நேர்காணல் ஒன்றே. அது கிடைத்தால் அங்கேயே மேற்படிப்புக்கும் வழி திறக்கும். கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவதாகத் தம்பி அறிவித்திருந்தான். எனவே அக்குழந்தை உண்ணும்போதும் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணலை அங்குள்ள பேராசிரியை ஒருவர் கைப்பேசி வழியாக நடத்துவார் என்றும், மாணவர் தம் குடும்பத்து வயலில் நின்று அதைக் காட்டியபடியே பேசவேண்டும் என்றும் சொல்லியிருந்தனர். இவ்விடத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். வயல் எனக்கும் தம்பிக்கும் பொது, பராமரிப்பு என்னுடையது. கடல் கடந்த ஓர் அம்மையார் முதன்முதலாக நம் வயலைக் காண வருகிறார். கைப்பேசிக்குள் வருகிறார் என்பதனாலேயே அவர் விருந்தினர் அல்லர் என்று ஆகிவிடுமா? (ஆகிவிடும் என்று என் மனைவி அன்றே கூறினாள். அவள் கூற்று பதிவுசெய்யப்படவில்லை.)

விருந்தினர் வரும் வாசலில் குலைவாழை கட்டுவது நம் மரபு. தோப்பு வைத்திருக்கும் செல்லத்துரையிடம், செந்துளுவன் என்னும் செவ்வாழைக் குலையோடு இரண்டு வாழைகளை வெட்டிக் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினார்.

"ஆருக்கு அண்ணாச்சி கல்யாணம்?"

கல்யாணம் இல்லை, நெதர்லாந்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார் என்றேன். எதில் வருகிறார் என்று கேட்டார். கைப்பேசியில் என்றேன்.

"அப்போ சாப்பாட்டுச் செலவு இல்ல," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

நேர்காணல் மறுநாள் நண்பகலுக்குப் பின். மறுநாள் காலையில் நல்ல நேரம் சரியாக அமையாமையால், முந்தின நாள் மாலையே கட்டுவித்தேன். வயலுக்குள் நுழையுமிடத்தில் வாய்க்காலின்மேல் ஒரு சிறு பாலம் உண்டு. அதன் இருபுறமும் கல்தூண்களோடு சேர்த்துக் கட்டப்பட்ட அவ்வாழைகள், அன்று அந்தி வெயிலில் அரசர்களைப் போல நின்றன. அரசர்கள் பலரையும் போலவே அவர்களும் மறுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. வேரற்ற வாழை வெயிலில் வாடும் என்பதைப் பயிர்செய்து பிழைக்கும் நான் எண்ணிப்பார்க்காதது ஏன் என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் நண்பகலில் இலைகள் யாவும் துவண்டு தண்டோடு தொங்கின.

அபிஷா வந்து பார்த்துத் திகைத்து நின்றாள்.

"பெரியப்பா, இத ஆரு கெட்டச் சொன்னா?"

"மரியாதைக்கு மக்கா. நிக்கட்டும்."

"மரியாதை எல்லாம் தொங்கிட்டுல்லா கெடக்கு."

அவிழ்க்க நேரமில்லை, அழைப்பு வந்துவிட்டது. நான் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சலவை வேட்டியும் தோளில் நேரியலுமாக நான் பாலத்தருகே நின்றேன். என் மனைவி தென்னை நிழலில் அமர்ந்திருந்தாள்.

அபிஷா நன்றாகவே பேசினாள். கும்பப்பூப் பருவத்து நெற்கதிரைக் காட்டினாள். மண்ணை அள்ளிக் காட்டினாள். வாய்க்கால் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று தாடகை மலைப் பக்கம் கைப்பேசியைத் திருப்பினாள். திருப்பிய வழியில் இருந்தன என் வாழைகள். அம்மையாரின் குரல் மாறிற்று. எதையோ மீண்டும் காட்டச் சொன்னார். அபிஷாவின் முகம் வெளிறியது.

என் ஆங்கிலம் பூச்சிமருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துக் கற்றது. ஆகவே அவர் கூறியவற்றுள் 'டிசீஸ்' என்ற ஒரு சொல் எனக்கு ஐயமறப் புரிந்தது. எஞ்சியதைப் பின்னர் அபிஷா விளக்கினாள். அவர் என் வாழைகளை வாடல் நோய் கண்டவை என்று கருதியிருக்கிறார். அது மண்ணின் வழியே பரவும் கொடிய நோய். அந்நோய் உள்ள நிலத்திலிருந்து வருவோரைத் தம் கண்ணாடிக் கூடத்துக்குள் அவர்கள் விடுவதில்லையாம்.

குடும்பத்தின் மானமும் குழந்தையின் எதிர்காலமும் ஒருசேரத் தொங்குவதைக் கண்டேன். சத்தியத்தை மறந்தேன்.

"நோ டிசீஸ், மேடம்," என்றேன். உண்மையை முழுமையாகக் கூறுதல் நலம் என்று கருதி, "நோ ரூட்," என்றும் சேர்த்தேன்.

வேரே இல்லாத அளவுக்கு அழுகிவிட்டதா என்று அம்மையார் பதறினாராம். இனிச் சொல்லால் பயனில்லை, செயலே சான்று என்று துணிந்தேன். தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, வாழையின் அடியைத் தூக்கிக் காட்ட முனைந்தேன்.

செந்துளுவன் குலையின் எடையைப் பற்றி ஈண்டு ஒரு சொல். அது என்னினும் கனமானது. அன்றியும் அது உச்சியில் இருப்பது. அடியை நான் உயர்த்தவே, உச்சி வாய்க்காலை நோக்கிச் சாய்ந்தது. விட்டுவிடலாம் என்று அறிவு கூறியது. விருந்தினர் முன் வாழையைக் கைவிடலாகாது என்று மரபு கூறியது. மரபின் பக்கம் நின்றேன். அடுத்த கணம் வாய்க்காலில் கிடந்தேன். வாழை என் மார்பின்மேல் கிடந்தது.

"வேட்டியப் பிடியுங்கோ," என்று தென்னை நிழலிலிருந்து என் மனைவி அமைதியாகச் சொன்னாள்.

அபிஷா ஓடிவந்தாள். கைநீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், வாழையின் வெட்டப்பட்ட அடியைத் தூக்கிக் கைப்பேசிக்கு நேரே பிடித்தாள். பிறகு பேசினாள். மனப்பாடம் செய்த ஆங்கிலமன்று அது, தங்குதடையின்றிப் பாய்ந்தது. வாடல் நோய் இருந்தால் தண்டின் உள்ளே செம்பழுப்பு வளையங்கள் தெரியும். இதோ பாருங்கள், சுத்த வெள்ளை. இது இந்நிலத்தில் விளைந்ததும் அன்று. எங்கள் ஊரில் விருந்தினர் வந்தால் வாழை கட்டுவோம்; நீங்கள் வருவதாகப் பெரியப்பா கட்டினார். இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை நான் சேற்றில் கிடந்தேன். எழுந்தால் இடையூறாகும் என்பதால் அல்ல. வாழையை எவரும் நகர்த்தவில்லை.

அம்மையார், கீழே கிடப்பவர் நலமா என்று கேட்டாராம்.

"நலம்தான், வாழையும் நலம்," என்று சொல்லியிருக்கிறாள் அபிஷா.

பயிற்சி கிடைத்தது. நோய் என்று கேட்டவுடன் முதலில் தண்டைப் பார்த்த மாணவி என்று அவளைப் பாராட்டி எழுதியிருந்தனர். யார் விழுந்ததனால் தண்டு பார்க்கக் கிடைத்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவள் புறப்பட்ட நாளில் வாசலில் ஒரு வாழை கட்டலாமா என்று கேட்டேன். என் மனைவி வீட்டிலிருந்த அரிவாளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

சென்ற மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். நெய்யூர் மருத்துவமனையில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கையில் அபிஷா நெதர்லாந்திலிருந்து அழைத்தாள். வலி எப்படி, மருந்து என்ன என்று கேட்பாள் என எண்ணிக் குரலைத் தக்கவாறு தளர்த்திக்கொண்டேன்.

"அடி வெள்ளையாதானே இருக்கு பெரியப்பா?"

கட்டிய காலைப் பார்த்தேன்.

"சுத்த வெள்ளை மக்கா," என்றேன்.