கம்ப்யூட்டருக்குள் ஒரு மண்டபம்

இந்த வருடத் திருவிழாக் கேசட்டில் தன் கிடார், காரைக்குடியிலேயே இல்லாத ஒரு பெரிய மண்டபத்தில் ஒலிக்க வேண்டும் என்று மரிய ஜெரால்டு முடிவு செய்தான். மண்டபம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். பங்குத் திருவிழாவுக்குப் பாடற்குழு வருடம்தோறும் ஒரு கேசட் போடும். போன வருடக் கேசட்டுக்காகப் பதிந்த ஜெரால்டின் கிடாரைக் கேட்டுவிட்டு, ஆர்மோனியம் வாசிக்கும் சகாயராணி டீச்சர், "அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி இருக்கு சார்" என்று மிகவும் அன்பாகச் சொன்னார். கேசட் வெளிவந்தபோது அதில் கிடார் இல்லை. இந்த வருடம் பங்குச் சாமியார் ஜோசப் ராஜ் இரக்கப்பட்டு, மாதா பாட்டுக்கு முன்னால் நாற்பது நொடி ஒதுக்கியிருந்தார். வீட்டிலேயே பதிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். சரியில்லை என்றால் அந்த நாற்பது நொடியும் ஆர்மோனியத்துக்கு.

ஜெரால்டு வேலை பார்த்தது ஆராய்ச்சிக்கூடத்தில். ஆராய்ச்சி செய்கிறவர்களின் லீவு விண்ணப்பங்களை அடுக்கி வைக்கும் பிரிவில். பதினாறு வருடம் விஞ்ஞானிகளின் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மாமனார் மரணம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியதில் விஞ்ஞானம் கொஞ்சம் தன் மேலும் படிந்திருப்பதாக அவன் நம்பினான்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்த சி.டி.யில் அந்த மண்டபம் வந்தது. செய்முறை எளிது. கிடாரை ஒரு ஒயரால் கம்ப்யூட்டரின் முதுகில் செருகி, முதலில் வெறுங்கிடாரைப் பதிய வேண்டும். அது பல்லைக் குத்துவதுபோல டிங் டிங் என்று கேட்கும். பிறகு அதன்மேல் ஒரு ஆம்ப்ளிஃபையரை உடுத்த வேண்டும். திரையில் ஆளுயர ஆம்ப்ளிஃபையர்கள் படமாக வரிசையில் நிற்கும். ஒன்றைத் தொட்டால் கிடாருக்கு மார்பு விரியும். இன்னொன்றைத் தொட்டால் தொண்டை கரகரக்கும். கடைசியில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறை, சர்ச், குகை, மண்டபம்.

முதல் நாள் மண்டபத்தைத் தொட்டுவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கண்டனூரில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, ஆளில்லாத உள்கட்டில் நின்று ஒரு முறை கை தட்டியது ஞாபகம் வந்தது. அந்தத் தட்டல் தூண்களுக்கு நடுவே நடந்து போய், இரண்டாம் கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது. இப்போது அவனுடைய ஒவ்வொரு சுரமும் அப்படிப் போய்வந்தது. போன சுரம் வேறு, வந்த சுரம் வேறு. வரும்போது அது வயதில் மூத்திருந்தது. தரையில் பளிங்கு குளிர்ந்தது. மேலே எங்கோ புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. நாற்பது நொடி முடிந்த பிறகும் கடைசிச் சுரம் போக மனமில்லாமல் தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெரால்டு அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனான்.

அப்போதுதான் தூண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது.

ம்ம்ம்ம் என்று ஒரே சீராக. ஆம்ப்ளிஃபையர் கிடாரை மட்டும் பெரிதாக்கவில்லை. கிடாருக்கு அடியில் எறும்பளவு கிடந்த இரைச்சலையும் யானையாக்கியிருந்தது. ஜெரால்டு ஹெட்ஃபோனைக் கழற்றினான். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பெல்சி. அதை நிறுத்து."

பெல்சி அப்போதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருந்தாள். எட்டு மணி நேரம் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஊராரின் குரல்களைப் பிரித்து எடுத்துச் சேர்த்துவைப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டாள்.

"என்னங்க?"

"கிடார்ல உறுமுது. கேளு."

அவள் ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக் கேட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த கிடாரைப் பார்த்தாள்.

"அந்தக் கிடாரைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. மோட்டார் ஓடினா மின்சாரத்துல அலை வரும். அலை வந்தா கிடார் வாங்கும். இனிமே சாயங்காலம் கிரைண்டர் ஓடக் கூடாது."

பெல்சி சொல்ல வந்ததை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"சரி. ஓட்டல. அப்ப மாவு?"

"மாவு என்ன?"

"நம்ம வீட்டுக்கும் எங்க அப்பா வீட்டுக்கும் மாவு வேணுமே. காலையில எனக்கு டூட்டி. கொல்லையில ஆட்டுரல் கெடக்கு. எனக்குத் தோள்பட்டை ஒழுங்கில்ல. நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்."

ஜெரால்டு யோசித்தான். நாற்பது நொடியை யோசித்தான். ஆர்மோனியத்தை யோசித்தான்.

"அதென்ன பெரிய வேலையா" என்றான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கொல்லையிலிருந்து வந்தபோது இரண்டு கைகளும் வேறு யாருடையதோ போல இருந்தன. அறையில் பெல்சி காபியோடு நின்றாள். ஸ்டூலை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"வேர்த்திருக்கீக. காத்து வாங்குற மாதிரி இங்குட்டுத் திரும்பி உக்காந்து வாசிங்க. கையை நீட்டினா மவுஸ் எட்டும்."

உட்கார்ந்து வாசித்தான். பதிந்தான். மண்டபத்தை உடுத்திக் கேட்டான்.

உறுமல் இல்லை. தூண்கள் துலக்கிவைத்ததுபோல நின்றன.

"பாத்தியா?" என்றான் ஜெரால்டு.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பெல்சி.

ஆனால் அன்றைக்குக் கை நடுங்கியதில் பதினோராவது நொடியில் ஒரு சுரம் தடுக்கி விழுந்திருந்தது. மறுநாள் மறுபடி பதிய உட்கார்ந்தான். கிரைண்டர் ஓடவில்லை. ஸ்டூல் கம்ப்யூட்டருக்கு நேராகக் கிடந்தது. கிடந்த இடத்தில் உட்கார்ந்தான். உறுமல் வந்துவிட்டது.

வீட்டை அமைதியாகச் சுற்றி வந்தான். சமையலறையில் மிக்ஸியில் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்கும் மோட்டார் இருக்குல்ல" என்றான்.

"இருக்குங்க."

"அப்ப இதுவும் வேணாம்."

"அம்மி பின்னாலதான் இருக்கு" என்றாள் பெல்சி. "நான் எதுவும் சொல்லல. நீங்கதான் சொன்னீக."

சட்னியை அம்மியில் அரைத்துவிட்டு வந்தான். ஸ்டூல் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. உறுமல் போயிருந்தது. ஆனால் விரல்களில் மிளகாய் எரிச்சல் ஏறி, இருபதாவது நொடியில் ஒரு சுரம் அழுதுவிட்டது.

புதன்கிழமை மறுபடி உறுமல். ஃபிரிட்ஜை நிறுத்தினான். அதனால் காலையில் மீனும் காய்கறியும் அன்றாடம் அவனே மார்க்கெட்டுக்குப் போய் வாங்கவேண்டியதாயிற்று. புதன் ராத்திரி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து பதிந்தபோது உறுமல் இல்லை. வாசிப்பும் இல்லை. தூங்கிவிட்டிருந்தான். பதிவில் நாற்பது நொடி மூச்சு சத்தம் மட்டும் மண்டபத்தின் தூண்களைச் சுற்றி வந்தது. அதுவும் கேட்க ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டுரலில் குழவியைச் சுற்றிக்கொண்டே அவன் ஒரு நிலைக்குப் போயிருந்தான். குழவி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கல்லில் முட்டியது. அந்த முட்டலுக்கும் மண்டபம் உடுத்திப் பார்த்தான், மனதுக்குள்ளேயே. மாவு அலை அலையாக மடங்கியது. வாழைமரத்துக்குப் பின்னால் வெயில் இறங்கி, கொல்லை முழுவதும் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையரின் துணிமுகப்பு போல மங்கலாக மினுங்கியது.

பெல்சி வந்து நின்றாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் கிரைண்டர் போடலாமா?"

"எதுக்கு?"

"பதிவுதான் முடிஞ்சிருமே."

ஜெரால்டு குழவியை நிறுத்தினான். இந்த ஒரு பாட்டோடு முடிகிற கலையா இது? நெற்றியில் ஒட்டிய உளுந்து மாவோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இந்த வீட்டுல கிடார் இருக்குற வரைக்கும் கிரைண்டர் ஓடாது" என்றான்.

"உறுதியாத்தான் சொல்றீகளா?"

"நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"சரிங்க" என்றாள் பெல்சி.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் சாப்பிடும்போது, கருவிகள் பழுதுபார்க்கும் பாண்டீஸ்வரன் அவன் கையைப் பார்த்தார்.

"என்ன சார், உள்ளங்கையெல்லாம் காய்ப்பு? கட்டட வேலைக்குப் போறீகளா?"

ஜெரால்டு எல்லாவற்றையும் சொன்னான். அலைகள் பற்றியும் சொன்னான். பாண்டீஸ்வரன் எலுமிச்சைச் சாதத்தை மென்றுகொண்டே கேட்டார்.

"கிரைண்டர் எங்க சார் இதுல வந்துச்சு? கம்ப்யூட்டருக்கு நேரா உக்காந்து கிடார் வாசிப்பீகளா?"

"ஆமா."

"அந்தத் திரைதான் உறுமுது. பிக்சர் டியூபு. கிடாரை அதுக்கு நேரா வச்சா வாங்கத்தான் செய்யும். அங்குட்டுத் திரும்பி உக்காருங்க, போயிரும்."

ஜெரால்டு தயிர்சாதத்தை மூடி வைத்தான்.

அன்று அவன் தன் லீவு விண்ணப்பத்தைத் தானே எழுதித் தானே அடுக்கிவைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினான். வீட்டுக்கு வந்து ஸ்டூலில் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்தான். உறுமல். மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினான். உறுமல் ஒரு பூனைபோல இறங்கிப் போயிற்று. மறுபடி திரும்பினான். வந்து ஏறிக்கொண்டது. ஸ்டூலோடு ஐந்தாறு முறை சுற்றினான். சுற்றச் சுற்ற, ஒவ்வொரு நாளும் அந்த ஸ்டூல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பது மனதில் வரிசையாக வந்து நின்றது.

பெல்சி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"சீக்கிரமே வந்துட்டீக?"

"திரைதான் உறுமுது" என்றான் ஜெரால்டு. "ஒனக்குத் தெரியும்."

"ஆமா."

"எப்பலருந்து?"

"மொத நாளே. லைன்ல உறுமல் வந்தா எதுக்குப் பக்கத்துல எது கெடக்குன்னுதான் நாங்க மொதல்ல பாப்போம். பதினாலு வருசமா அதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வாயெடுத்தேன். ஒனக்குப் புரியாதுன்னீக."

"அதுக்காக? ஸ்டூலைத் திருப்பித் திருப்பிப் போட்டியே?"

"வேல செஞ்சவருக்குக் காத்து வேண்டாமா" என்றாள் பெல்சி. அவள் முகத்தில் குறும்பு இல்லை. அசதியான ஒரு அன்பு மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது.

ஜெரால்டு எழுந்தான். ஐந்து நாளில் முதல் முறையாக முதுகு நேராக நின்றது.

"சரி. ஆச்சு. இப்பப் போய் கிரைண்டரைப் போடு. அது ஓட ஓட நான் வாசிக்கப் போறேன்."

"கிரைண்டர் இல்லீக."

"என்னது?"

"கான்வென்ட் ஹாஸ்டல்ல அறுபது பிள்ளைக. அவுக கிரைண்டர் போன மாசமே ரிப்பேராப் போச்சாம். இந்த வீட்டுல கிடார் இருக்குற வரைக்கும் ஓடாதுன்னு நேத்து சொன்னீகள்ல. சும்மா கெடக்குறது எதுக்குன்னு ஃபாதர்கிட்டச் சொன்னேன். காலையில நீங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப ஆட்டோவுல வந்து எடுத்துட்டுப் போனாக. உங்க பேருலதான் குடுத்தேன்."

ஜெரால்டு சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். கிரைண்டர் இருந்த இடத்தில் தரை வட்டமாக, வெளுப்பாக இருந்தது. அதன் நடுவே ஒரு உளுந்து.

அன்று சாயங்காலம் அவன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தான். கோபத்தில் வாசித்தானா, எல்லாம் விட்டுப்போன நிம்மதியில் வாசித்தானா தெரியாது. நாலு நாள் கல் சுற்றிய மணிக்கட்டு அவசரப்படவில்லை. பதினோராவது நொடி தடுக்கவில்லை. இருபதாவது நொடி அழவில்லை. மண்டபத்தை உடுத்திக் கேட்டபோது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின. கடைசிச் சுரம் எல்லாக் கட்டுகளையும் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே இறங்கி, வெயில் தணிந்த ஏதோ ஒரு தெருவில் தன்பாட்டுக்கு நடந்து போயிற்று. பெல்சியும் ஒரு காதில் கேட்டாள். ரொம்ப நேரம் ஹெட்ஃபோனைத் திருப்பித் தரவில்லை.

"நல்லாருக்குங்க" என்றாள். அவள் அப்படியெல்லாம் சொல்கிறவள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சகாயராணி டீச்சர் அதை இரண்டு முறை கேட்டார். பிறகு ஆர்மோனியத்தின் மூடியைத் தானே மூடினார். "வச்சுக்கங்க சார், நாப்பது நொடியையும்" என்றார்.

பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்புகள் வாசித்தார். நம் பங்கைச் சேர்ந்த மரிய ஜெரால்டு மாதாவுக்கு இசைக் காணிக்கை செலுத்துவதற்காக, வீட்டில் ஒரு சத்தமும் எழக் கூடாதென்று, தன் கையாலேயே மாவாட்டி வருகிறார் என்றார். கிரைண்டரையும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்றார். கோயில் முழுக்கப் பெண்கள் தங்கள் புருசன்மார்களைத் திரும்பிப் பார்த்தார்கள். புருசன்மார்கள் ஜெரால்டைப் பார்த்தார்கள்.

வாசலில் ஃபாதர் அவன் தோளில் கை போட்டார்.

"அடுத்த வருசம் பன்னண்டு பாட்டுக்கும் உங்க கிடார்தான். இப்பவே ஆரம்பிச்சிருங்க. அப்பறம், திருவிழா அன்னிக்குப் பாடற்குழுவுக்குக் காலை டிபன் உங்க வீட்டு இட்லின்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. ரொம்ப சந்தோசம். நாப்பத்திரண்டு பேரு."

ஜெரால்டு பெல்சியோடு வீட்டுக்கு நடந்தான். தெருமுனை திரும்பும்போது மெல்லக் கேட்டான்.

"கான்வென்ட்ல அந்த கிரைண்டரை ஒரு நாளைக்கு மட்டும் கேட்டுப் பாக்கலாமா?"

"தாராளமாக் கேளுங்க" என்றாள் பெல்சி. "கிரைண்டர் ஓடினாத்தான் கிடார் கெட்டுப்போகுமேன்னு மதர் கேப்பாக. இல்ல மதர், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது தெரியாமத்தான் நாலு நாளா ஆட்டுனேன்னு எடுத்துச் சொல்லுங்க. ஃபாதரும் பக்கத்துல இருந்தாருன்னா நல்லது."

ஜெரால்டு கொஞ்ச தூரம் நடந்தான்.

"நாப்பத்திரண்டு பேருக்கு," என்றான், "எத்தன படி ஊறப் போடணும்?"