ஹார்மோனியத்துக்குள் பூண்டு மாலை

நல்ல பேய்ப் படம் பார்த்துப் பயப்படுவதில் ஒரு பெருமையும் இல்லை. அது யாருக்கும் வரும். மட்டமான பேய்ப் படத்தைப் பார்த்து, கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நடுங்குவதற்குத்தான் தனித் திறமை வேண்டும். எனக்கு இருபது வயதில் அந்தத் திறமை ஏராளமாக இருந்தது. அதனால் என் கல்யாணமே நின்றுபோயிருக்கும்.

எழுபதுகளில் சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான், கையில் இருந்த கொஞ்சம் காசை வைத்து ஒரு ரத்தக் காட்டேரிப் படம் எடுத்தார். காட்டேரி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சவப்பெட்டியிலிருந்து எழுந்து வருவான். பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. பலகையில் அச்சடித்திருந்த எழுத்தைக்கூட அழிக்கவில்லை. வவ்வால் என்பது ஒரு பழைய குடைத்துணி. அது பறக்கும்போது கம்பியும் கூடவே பறக்கும். முந்நூறு வருஷமாகச் சாகாமல் இருக்கிறவன் கையில் வாட்ச் கட்டியிருப்பான். ஒரு காட்சியில் அவனுடைய கோரைப்பல் கழன்றுவிடும். அசராமல் நாக்காலேயே தள்ளி மாட்டிக்கொண்டு மிச்ச வசனத்தைப் பேசி முடிப்பான். (அந்த நடிகர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.)

நானும் ஹபீபாவும் அந்தப் படத்துக்குப் பரம ரசிகைகள். ஹபீபா என்னோடு காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள். அவள் அப்பாவுக்குச் சரிகை வியாபாரம். மதியக் காட்சியும் டைப்ரைட்டிங் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் அது எங்கள் குற்றமா? பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, காட்டேரி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் வசனத்தை நாங்கள் சொல்லிவிடுவோம். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். (லோயர் பரீட்சையில் நான் ஏன் தேறவில்லை என்பது அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.)

படம் விட்டதும் ஒரே ஓட்டம். ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம், எங்கள் வீடு. நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீர்தான். வெங்காயம் பூண்டு வாசற்படி ஏறாது. அப்பா ஒரு படி மேலே போய், புழுவைக் கொன்று எடுக்கிறார்கள் என்று பட்டையும் ஒதுக்கிவிட்டார். உலகமே காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டு வாங்கிக்கொண்டு போக, காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு நூல் புடவை கட்டிய பெண் நான்.

இந்த வீட்டுக்குத்தான் ஹபீபா வெடி வைத்தாள்.

படத்தில் கதாநாயகி சன்னலில் ஒரு பூண்டு மாலையைத் தொங்கவிட்டுவிட்டுத் தூங்குவாள். காட்டேரி அதைப் பார்த்ததும் தும்மிக்கொண்டே ஓடுவான். கொட்டகையை விட்டு வரும்போது ஹபீபா யோசனையாகச் சொன்னாள்:

"நெனைச்சுப் பாருடி. எங்க வீட்ல தெனம் பூண்டு. பக்கத்து வீட்ல பூண்டு. ஊரு பூரா பூண்டு. அந்த ஆளு எங்கதான் போவான்? நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கினு இருப்பான்."

"பெருமாள் கோயில் தெருவுலகூடத்தான் பூண்டு சேக்கறதில்ல" என்றேன்.

"அங்க சாமி கையில சக்கரம் இருக்குது. உங்க சாமி கையில இன்னா இருக்குது?"

ஒன்றும் இல்லை. எங்கள் பகவான் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவர். கொசுவைக்கூட அடிக்காதே என்று சொன்னவர். அவர் எழுந்து வந்து காட்டேரியோடு மல்லுக்கட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. படத்தில் கதாநாயகன் காட்டேரியின் நெஞ்சில் ஒரு கூரான கட்டையை வைத்து அடித்துக் கொல்வான். அதுவும் எங்களுக்கு ஆகாது. காட்டேரியானாலும் ஜீவன் ஜீவன்தான். ஆக, மிஞ்சியது பூண்டு ஒன்றுதான். தின்னக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், மாட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! இப்படியெல்லாம் யோசிக்கத் தெரிந்த என்னைப் பெண்ணாகப் பெற்றதற்கு அப்பா பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஹபீபா தன் வீட்டுச் சமையலறையிலிருந்து பூண்டு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுத் தறியில் மிச்சமான பட்டு நூலில் நேர்த்தியாகக் கோத்திருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் முகம் சிவந்திருந்தது. அதை நான் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். மாலையை என் அறைச் சன்னலில் திரைக்குப் பின்னால் மாட்டினேன். தனியாக ஒரு பூண்டைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

சித்திரை வெயில். நாலைந்து நாளில் சன்னல் பூண்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றிவந்தாள். பூண்டு வாசனை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"எலி எதுனா செத்துக் கெடக்குதா பாருங்களேன்" என்றாள்.

அப்பா முகம் வாடிப்போனது. நெல் மூட்டையெல்லாம் நகர்த்தினார். பரணில் ஏறினார். என் அறையில் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எலி கிடைக்கவில்லை. (எப்படிக் கிடைக்கும்?) கடைசியில் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"நம்ம வீட்ல ஒரு உயிரு போயிருக்குது. நம்ம கவனிக்கல. ரெண்டு நாளைக்கு எனக்கு ஒரு வேள சாப்பாடு போதும்மா."

உண்மையைச் சொன்னால் டைப்ரைட்டிங் வகுப்பும் சேர்ந்து வெளியே வரும். பிறக்காத எலிக்காக அப்பா பட்டினி கிடக்க, நான் எதிரில் உட்கார்ந்து சாதம் பிசைந்து சாப்பிட்டேன்.

அந்த இரண்டாவது நாளில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம். எங்கள் சாதி சனத்திலேயே அவ்வளவு ஆசாரமான வீடு கிடையாது என்று பேச்சு. இந்த இடம் அமைய வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாக எல்லாப் பகவானையும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவர் போட்டோ பிடித்திருந்தது. (வெளியே சொல்லவில்லை.)

காலையில் அம்மா துடைப்பத்தோடு என் அறைக்குள் வந்தாள். அங்கேதான் எல்லோரும் உட்கார வேண்டுமாம்; சன்னல் திரையையும் மாற்ற வேண்டுமாம். அவள் திரும்புவதற்குள் மாலையையும் தலையணைப் பூண்டையும் வாரி எடுத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை, ராத்திரி வந்துவிட்டால்? மூலையில் அப்பாவின் ஹார்மோனியம் இருந்தது. மேல்பலகையைத் தூக்கி, உள்ளே போட்டு மூடினேன். நான் பாடினால் இடம் கைவிட்டுப் போகும் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஹார்மோனியத்தை யாரும் தொடமாட்டார்கள் என்பது என் கணக்கு.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். வழியில் பஸ் கெட்டுப்போனதால் தாமதம். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்:

"எங்க வீட்ல பூண்டு பட்ட கரண்டிகூட உள்ள வராது. எம் புள்ள சினிமாக் கொட்டா வாசல மிதிச்சது கெடையாது."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வாழைக்காய் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. அந்தச் சும்மா இருந்த நேரத்தில், பெண்ணைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது.

"எம் பொண்ணு நல்லா பாடும். நான் வாசிக்கறன். பாடும்மா."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மாதான்.

அப்பா ஹார்மோனியத்தை எடுத்து அவர்களுக்கு எதிரில் வைத்தார். பகவானை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, துருத்தியை இழுத்து ஒரு அழுத்து அழுத்தினார். ராகம் வருவதற்கு முன் வாசனை வந்தது. அப்பா பக்தியோடு இன்னும் வேகமாக அழுத்தினார். பலகை இடுக்கு வழியாகப் பூண்டுத் தோல் வெள்ளை வெள்ளையாகப் பறந்து வந்தது. ஒன்று மாப்பிள்ளையின் அப்பா மீசையில் உட்கார்ந்தது. இன்னொன்று மாப்பிள்ளையின் அம்மா மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். நான் பாடிக்கொண்டே இருந்தேன்; வேறென்ன செய்வது?

அவர் எழுந்து வந்து மேல்பலகையைத் தூக்கினார். இரண்டு விரலால் மாலையை வெளியே எடுத்துப் பிடித்தார்.

"பூண்டு! அதுவும் பட்டு நூல்ல!"

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மா கதவோரம் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோவில் பார்த்த முகம் என் வாழ்க்கையிலிருந்து எழுந்து வந்தவாசிக்குப் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது சாப்புடறதுக்கு இல்லம்மா" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை. "சன்னல்ல மாட்டறதுக்கு." பிறகு என்னைப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "தலகாணிக்கு அடியில ஒண்ணு வெச்சீங்களா?"

"வெச்சேன்" என்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அவர் அம்மா.

"அது... ஒரு படத்துல..."

"கூட்டுறவுப் பயிற்சின்னு ஆற்காட்டுக்குப் போய்க்கினு இருந்தியே, அப்பவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு டைப்ரைட்டிங், அவருக்குக் கூட்டுறவு. காட்டேரி, வவ்வால், பூண்டு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். சாகாதவன் வாட்சைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்:

"அப்படின்னா எலி எதுவும் சாவலியா?"

"எந்த எலி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா அழுகையும் ஆத்திரமுமாக விஷயத்தைச் சொன்னாள். அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"எலிக்காகவா பட்டினி கெடந்தீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"உயிருதானேம்மா" என்றார் அப்பா. பட்டு நூலைப் பார்த்தபோது மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அந்த அம்மா மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு மாலையைச் சன்னல் வழியாக வெளியே வீசினார்.

"பொண்ணு பயந்தாங்கொள்ளி. எம் புள்ள புளுகன். ஆனா சம்மந்தி நல்ல மனுசன். அதுக்காக முடிச்சுடலாம்."

அம்மா ஒரே பாய்ச்சலில் சமையலறைக்கு ஓடினாள். நெய் மினுக்கும் கேசரியும், பொன்னிறத்தில் பஜ்ஜியும் தட்டுத் தட்டாக வந்தன. மாப்பிள்ளை கையை நீட்டினார். அவருடைய அப்பா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "பொழுது போயிடுச்சுபா" என்றார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. காட்டேரி விசாரணை முடிவதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, வந்தவாசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். அவர் வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பஜ்ஜியைப் பார்த்தாராம்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், "மொதல்ல பஜ்ஜி, அப்பறம் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். யாராவது பாடட்டுமா என்று கேட்டால், ஒருத்தர் எழுந்துபோய் ஹார்மோனியத்தைத் திறந்து பார்ப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படம் எந்தக் கொட்டகைக்கு வந்தாலும் நாங்கள் இருவரும் போய்விடுவோம். அப்புறம் கொட்டகைகளே போய், படமும் காணாமல்போனது. போன மாதம் என் மகன் எங்கிருந்தோ கம்ப்யூட்டரில் பிடித்துவந்தான். அதற்கு இப்போது ரசிகர் கூட்டம் இருக்கிறதாம். குடைத்துணி வவ்வாலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். (நாங்கள்தான் மூத்தவர்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.) மதியச் சாப்பாடு முடித்து மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சன்னல் காட்சி வந்ததும் மகன் படத்தை நிறுத்தி, மாலையைப் பெரிதாக்கினான்.

அது பூண்டு இல்லை. சம்பங்கிப் பூ. கீழே ஜிகினாக் குஞ்சம் தொங்கியது. வேறு ஏதோ படத்துக் கல்யாணக் காட்சியில் மிச்சமான மாலை. பூண்டு வாங்கக்கூட அந்தப் புண்ணியவானிடம் காசு இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மொழம் பூவு மாட்டியிருந்தா போதுமேடி. அன்னிக்கு நான் பஜ்ஜி சாப்ட்டிருப்பனே."