குர்வேனிய மொழியின் சுருக்க வரலாறு

கல்யாணம் முடித்து முப்பத்துநாலாவது வருடத்தில், ஒரு தை மாதத்துக் காலையில், புதிதாக ஒரு மொழியை உருவாக்குவது என்று நான் தீர்மானித்தேன்.

மொழிகள் பிறக்க ஆயிரம் காரணம் இருக்கலாம். என்னுடைய காரணம் வாய்ப்பன்.

உரும்பிராய்ச் சந்தியில் பின்னேரம் நாலரைக்கு எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்குமே, அந்த வாழைப்பழ வாய்ப்பன். பக்கத்தில் சீனி தூக்கலாக ஒரு பால் தேத்தண்ணி. எனக்கோ சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. என் மனைவி சுவர்ணாவோ முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். சீனிப் போத்தலில் கரண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

வெறும் வயிற்றில் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி மூன்று மாதம். போகவேண்டிய நாளில் எல்லாம் விடியற்காலையில் ஒரு வாழைப்பழம் தற்செயலாக என் வாய்க்குள் விழுந்துவிடும்.

பக்கத்து வீட்டு எமில்ராஜுக்கும் அதே வருத்தம். அவன் மனைவி ஜெசிதாவிடமும் அதே சட்டம். இரண்டு கைதிகளும் மதிலோரம் நின்று திட்டம் போடுவோம். ஆனால் எந்த மொழியில் போடுவது? ஆங்கிலம் சுவர்ணாவுக்குத் தெரியும். சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்ப நாங்களே ஒரு பாஷை செய்வம்," என்றேன்.

"பேர் என்ன அண்ணை?"

"குர்வேனியம்."

"எங்கத்தையான் பாஷை?"

"பால்ரிக் கடற்கரை."

சும்மா சொல்லவில்லை. எங்கள் மகள் கோபிகா லிதுவேனியாவில் மருத்துவம் படிக்கிறாள். அதனால் எங்கள் விறாந்தைச் சுவரில் அந்தக் கடலின் படம் தொங்குகிறது. லிதுவேனிய மொழி என்று சொன்னால் சுவர்ணா மகளிடம் விசாரித்துவிடுவாள். எனவே முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன மொழி என்று வைத்தேன். செத்த மொழிக்குச் சாட்சி வராது.

'நெஸ்தா' என்றால் இல்லை. 'கேர்ப்தா' என்றால் சூடு. 'துர்நிஸ்' வாய்ப்பன். 'கவுலா' மனைவி. "கவுலா நெஸ்தா, துர்நிஸ் கேர்ப்தா!" மனைவி வீட்டில் இல்லை, வாய்ப்பன் சுடச்சுட இருக்கிறது. இதைவிட இனிமையான வசனம் எந்த மொழியிலும் கிடையாது.

இரண்டாம் நாளே சுவர்ணா கேட்டாள்.

"இஞ்சருங்கோ, போனிலை என்ன மந்திரம் ஓதுறியள்?"

"குர்வேனியம் படிக்கிறன். வயசு போகேக்கை புதுப் பாஷை படிச்சால் மறதி வராதாம்."

"நல்ல விசயம். இந்த வருசமாவது கலியாண நாள் ஞாபகம் வரட்டும்."

தப்பினேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒரு புதுக் கொப்பியும் பேனையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லித் தாங்கோ."

"நீரும் படிக்கப் போறீரோ?"

"ஏன், எனக்கு மறதி வராதோ?"

முப்பத்துநாலு வருடத்தில் முதல்முறையாக நான் வாத்தியார், அவள் மாணவி. தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஆனாலும் கவனமாகத்தான் இருந்தேன். ஆபத்தான சொற்களுக்கு மட்டும் பொய் அர்த்தம் கொடுத்தேன். 'கவுலா' என்றால் நிலா. 'துர்நிஸ்' என்றால் புத்தகம். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி.

பிறகு வரலாறு கேட்டாள். வரலாறும் செய்தேன். வெல்சுமாஸ் என்று ஒரு அரசன். கரையில் ஒதுங்கும் மஞ்சள் கல்லைப் பொறுக்கி, அதற்கு மாற்றாக உப்பு வாங்கிய சனங்கள். இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் குதிரையில் வந்தார்கள். குர்வேனியர்கள் வள்ளங்களில் ஏறிக் கடலுக்குள் போய், குதிரைகள் களைத்துத் திரும்பும்வரை மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கொள்ளைநோய் வந்தது. மொழி தெரிந்தவளாக மிஞ்சியது மார்த்தூனே என்ற ஒரு விதவை மட்டும். பதில் சொல்ல ஆளில்லாமல் அவள் தன் மாட்டோடு குர்வேனியம் கதைத்துக் கதைத்தே செத்துப்போனாள்.

சுவர்ணா கண்ணைத் துடைத்தாள்.

"பாவம் மனுசி. கதைக்க ஒருத்தரும் இல்லாமல்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மணி நாலு. மதிலுக்கு அங்கால் எமில்ராஜ் இருமினான். வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

மாசிக் கடைசியில் ஒருநாள் அவள் கொப்பியைப் புரட்டியபடி கேட்டாள்.

"ஒரு சந்தேகம். துர்நிஸ் கேர்ப்தா எண்டு நீங்கள் எமில்ராஜுக்கு அடிக்கடி சொல்லுறியள். புத்தகம் சுடச்சுட எண்டோ அர்த்தம்?"

ஒரு கணம் உலகம் நின்றது. என் மூளை நிற்கவில்லை.

"அது சரியான குளிர் நாடு. புத்தகத்தை அடுப்பிலை காட்டித்தான் திறப்பினம்."

"ஓம், குளிர்தானே," என்று எழுதிக்கொண்டாள். "ஏழைபாழையள் பசியிலை கிடந்தால் என்னெண்டு சொல்லுவினம்?"

"பூசா விம்தா. வெறும் வயிறு."

அதையும் எழுதினாள். அன்றைக்கு நான் என் அறிவை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டே நித்திரைக்குப் போனேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எமில்ராஜின் போனிலிருந்து தகவல் வந்தது. 'மருதனார்மடத்திலை புதுக் கடை. நாளைக்குக் காலமை ஏழு மணி. துர்நிஸ் கேர்ப்தா. பூசா விம்தா!'

வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறான் என்றால் எத்தனை வாய்ப்பன் கிடைக்குமோ! சனிக்கிழமை சுவர்ணா விடியவே ஆஞ்சநேயர் கோயிலுக்கென்று புறப்பட்டாள். நான் வாழைப்பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

மருதனார்மடச் சந்தியில் எமில்ராஜ் முழித்துக்கொண்டு நின்றான்.

"கடை எங்கையடா?"

"அதைத்தான் அண்ணை உங்களிட்டைக் கேட்க நிக்கிறன். நீங்கள்தானே வரச் சொன்னனீங்கள்!"

"நானோ? நீயெல்லோ அனுப்பினனீ!"

இருவரும் போன்களை நீட்டினோம். இரண்டிலும் ஒரே வசனம், எழுத்துப் பிழைகூட இல்லை. அப்போதுதான் பின்னால் இருந்த கட்டடத்தின் பலகையைப் பார்த்தேன். இரத்தப் பரிசோதனை நிலையம். வாசல் கதிரைகளில் சுவர்ணாவும் ஜெசிதாவும். கையில் ஒன்றாம், இரண்டாம் நம்பர் துண்டுகள். முதல்நாள் பின்னேரம் எங்கள் போன்கள் யார் கையில் இருந்தன என்று விளங்கியது.

"பூசா விம்தாவோ?" என்று சுவர்ணா கேட்டாள்.

"ஓம்," என்றேன். வேறு வழி?

"எப்பிடிப் பிடிச்சனீர்?" என்று அவளைக் கேட்டேன்.

"போன பூரணையண்டு பொழுதுபடக் கோயிலுக்கு வெளிக்கிட்டனான். நான் படலை தாண்டமுதல் நீங்கள் முற்றத்திலை நிண்டு போனிலை, கவுலா நெஸ்தா எண்டியள். நிலா இல்லையாம்! நிமிர்ந்து பாத்தன். எண்ணெய்த் தாச்சி அளவிலை நிக்குது. அப்ப இல்லாமல் போனது நிலா இல்லை, நான்தான் எண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு புத்தகம் என்ன எண்டு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? உங்கடை சேட்டிலை எண்ணெய் மணக்குது."

எமில்ராஜ் மெதுவாகச் சைக்கிளைத் திருப்பினான். ஜெசிதா பார்த்தாள். திரும்பவும் நேராக நிறுத்தினான்.

"ஊசி நோகும்," என்றேன்.

சுவர்ணா எழுந்து கிட்ட வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அந்த மார்த்தூனே மனுசி மாதிரி என்னைத் தனிய விட்டிட்டுப் போகப் போறியளோ?"

எங்கள் வீட்டில் மாடு இல்லையே என்று பகிடி விடலாம் என்று பார்த்தேன். விடாமல் உள்ளே போய்க் கையை நீட்டினேன்.

சீனி கூடத்தான். ஆனால் அடக்கலாம் என்றார் டொக்டர். இப்போது குளிசை, காலையில் சுவர்ணாவோடு ஒரு மணித்தியால நடை, மாதத்தில் ஒருநாள் அவள் கையாலேயே பாதி வாய்ப்பன். பொய் சொல்லத் தேவையில்லாததால் மனமும் லேசாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், சுகமாக இருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. பின்னேரங்களில் சுவர்ணாவும் ஜெசிதாவும் மதிலோரம் நின்று மணிக்கணக்காகக் குர்வேனியம் கதைக்கிறார்கள். நான் கேள்விப்படாத சொற்கள். நான் வைக்காத இலக்கணம். நடுநடுவே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

நேற்றுப் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"என்னப்பா கதைக்கிறியள்?"

"சொன்னாலும் உங்களுக்கு விளங்காது," என்றாள் சுவர்ணா. "விருப்பமெண்டால் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ, ஆனாவிலையிருந்து படிப்பிக்கிறன்."