திறப்பு அண்ணையின் பதினான்கு பள்ளிக்கூடங்கள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அந்த நாட்டு மகாராணியைவிட அதிகம் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருந்தார். அவர் இருந்தது டுசல்டோர்ஃபில். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் கழிவறைக் குழாய் திருத்திக்கொண்டிருந்தார். கென்ட் பக்கம் அதுவரை தலைவைத்தும் படுத்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் பலருக்கு மறந்துபோய்விட்டது. திறப்பு அண்ணை என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்தார் சாவியைத் திறப்பு என்போம். பள்ளிக்கூடத்துக் கட்டடக் காவலர், ஜெர்மன்காரர் மொழியில் ஹவுஸ்மைஸ்டர், அதுதான் அண்ணையின் உத்தியோகம். இடுப்பில் நாற்பத்து மூன்று திறப்புகள் தொங்கும். அவர் மாடிப்படி ஏறினால் கோயில் யானை வருகிறது என்று நினைக்கலாம். நாற்பத்து நான்காவதாக என் வீட்டுத் திறப்பும் அந்தக் கோர்வையில் கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை திறப்பை உள்ளே வைத்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்துவது என் வழக்கம். மேல்மாடியில் குடியிருந்த அண்ணை கிலுங் கிலுங் என்று இறங்கி வருவார்.

"தம்பி, உமக்குக் கலியாணம் பேசேக்கை இதையும் சொல்லிப்போட்டுத்தான் பேசோணும்" என்றபடி திறந்துவிடுவார்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும், ஒரு மாலை அவர் இறங்கி வந்தபோது திறப்புச் சத்தம் மெதுவாக இருந்தது. மகள் யாழினி அப்போது நாலாம் வகுப்பு. அந்த வயதிலேயே ஜெர்மனியில் பிள்ளைகளைத் தரம் பிரித்து விடுவார்கள். பல்கலைக்கழகம் போகக்கூடியவர்களுக்குக் கிம்னாசியம், மற்றவர்களுக்கு வேறு பள்ளிக்கூடங்கள். ஆசிரியை எழுதிக் கொடுத்த பரிந்துரையில் யாழினிக்குக் கிம்னாசியம் இல்லை. கணக்கில் புலி. ஆனால், 'பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை' என்று காரணம் எழுதியிருந்தது. அது அண்ணை வேலைசெய்த அதே பள்ளிக்கூடம். அந்த வகுப்பின் விளக்கு, யன்னல், கரும்பலகை எல்லாம் அவர் கையால் திருத்தியவை.

"நாப்பத்திமூண்டு திறப்பு வைச்சிருக்கிறன் தம்பி. ஒண்டும் இதுக்குப் பொருந்தேல்லை" என்றார். நான் தேநீர் போட்டேன்.

அடுத்த வாரமே கென்ட் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்த எங்கள் சனம் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அள்ளுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் லண்டன் என்றால் அண்ணை மட்டும் கென்ட் என்றார்.

"ஏன் அண்ணை கென்ட்?"

"கப்பலாலை இறங்கின உடனை அதுதானே வருது. வீட்டிலை எதையும் மறந்துபோட்டு வந்தால் டக்கெண்டு திரும்பி வரலாம்."

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தபோது மிஞ்சிய சுவர்க்கடதாசிச் சுருள் ஒன்றை வரவேற்பறை நீளத்துக்கு விரித்துப் பின்புறத்தில் கோடு போட்டார். இடதுபக்கம் பதினான்கு பள்ளிக்கூடங்கள். மேலே நாலு தனியார், அடுத்துப் பரீட்சை வைத்துப் பிள்ளை எடுக்கும் ஆறு அரசாங்கப் பள்ளிகள், அடியில் எல்லோரையும் சேர்க்கும் சாதாரண அரசாங்கப் பள்ளிகள் நாலு. பரீட்சைப் பெறுபேறு, பஸ் வசதி என்று முதலிரண்டு பத்திகள் மற்றவர்கள் போடுவது போலத்தான். பிறகுதான் அண்ணை தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். கூரை ஓடா தட்டையா. வெந்நீர் வர எத்தனை நொடி. கழிவறைக் கதவு பூட்டுமா. கட்டடத்தை வெதுவெதுப்பாக்கும் சூடாக்கிக்கு என்ன வயது.

"அதிபர் அஞ்சு வருசத்திலை மாறிப்போவார் தம்பி. சூடாக்கி இருவது வருசம் இருக்கும். பள்ளிக்கூடம் எப்பிடியெண்டு அறியோணுமெண்டால் ஹவுஸ்மைஸ்டரைத்தான் கேக்கோணும்."

ஊரில் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்த பாவத்துக்கு, அந்தப் பதினான்குக்கும் தொலைபேசி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கும் பெற்றோரை அவர்களுக்குப் பழக்கம். கொதிகலன் எந்த ஆண்டு வாங்கியது என்று விசாரிப்பவரைப் பழக்கமில்லை. ஓர் அம்மையார் நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து, "எங்களுக்கு வேண்டாம்" என்று வைத்துவிட்டார். அண்ணை அந்தப் பள்ளிக்கு நேரே 'மரியாதை குறைவு' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு விண்ணப்பம். இந்த இடத்தில்தான் ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்த குணம் வெளியில் வந்தது. அங்கே வேலைக்கு மனுப் போடுவதென்றால் ஒரு கோப்பு கட்ட வேண்டும், மாப்பெ என்பார்கள். படம், வாழ்க்கைக் குறிப்பு, அத்தாட்சிப்படுத்திய சான்றிதழ் என்று எல்லாம் அதில் ஒழுங்காக இருக்க வேண்டும். அண்ணைக்கு வேறு விதம் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கைக் குறிப்பு தயாரானது.

"பிறந்தது, பாலர் பாடசாலை, நாலாம் வகுப்பு. இதுக்கு மேலை என்ன அண்ணை எழுதுறது?"

"சின்னம்மை வந்தது எழுதும். பிள்ளைக்கு இனி வராது, அது அவையளுக்கும் நல்லதுதானே."

யாழினி கோட்டுச் சட்டை போட்டுப் படத்தில் உத்தியோகத்தர் மாதிரி முறைத்தாள். பள்ளிக்கூடப் புள்ளி அட்டையை விட்டால் அவளிடம் இருந்த ஒரே சான்றிதழ் நீச்சல் குளத்தில் கொடுத்தது. ஒருமுறை நீந்திக் காட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கடற்குதிரைப் படம் போட்ட ஒரு துணிச் சின்னம் தருவார்கள், கூடவே ஒரு பத்திரமும். அந்தக் கடற்குதிரைப் பத்திரத்தைச் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் முத்திரை குத்தி வாங்கி வந்தார் மனுசன். அவருடைய மனைவி மனோ அக்கா தலையில் கை வைத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, அவள் தண்ணியிலை விழாமல் நிப்பாளெண்டு இங்கிலாந்துக்காரனுக்கு ஏன் சொல்லுறியள்?"

"தீவு தானே அப்பா. சுத்திவரத் தண்ணி" என்றார் அண்ணை.

பதினான்கு மாப்பெகள். பதினான்கிலும் முகவரி என் கையெழுத்தில்: 'மதிப்புக்குரிய கட்டடக் காவலர் அவர்களுக்கு.' அதிபருக்குப் போடுவோம் என்று மன்றாடிப் பார்த்தேன். "அதிபருக்கு ஆயிரம் கடிதம் வரும். ஹவுஸ்மைஸ்டருக்கு ஆர் எழுதுறது?" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒரு பதிலும் வரவில்லை. இலையுதிர்கால விடுமுறையில் அண்ணை குடும்பத்தைக் காரில் ஏற்றினார். மொழிபெயர்ப்பாளன் என்ற வகையில் நானும், சுவர்க்கடதாசிச் சுருளும் பின் ஆசனத்தில். பிரான்சின் கலே துறைமுகத்தில் கப்பல் ஏறிக் கென்டில் இறங்கியபோது மழை கொட்டியது.

முதலாவது தனியார் பள்ளி. அரண்மனை என்றே சொல்லலாம். அதிபர் தேநீர் தந்தார், நாடக அரங்கம் காட்டினார், குதிரை லாயம்கூடக் காட்டினார். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் காதில், "சூடாக்கி எங்கையெண்டு கேளும்" என்றார். கேட்டேன். அதிபருக்கே தெரியவில்லை. கழிவறைக்குப் போன அண்ணை கால்மணி நேரம் ஆளைக் காணவில்லை. சட்டைக்கை நனைந்தபடி திரும்பி வந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டிக் குறடு வைத்திருப்பார்.

"ஐயா நல்ல மனுசன். ஆனால் குழாய் ஒழுகுது. இப்ப ஒழுகாது" என்றார். கட்டணம் கேட்டதும் மனோ அக்காவின் முகம் போன போக்கில் மற்றத் தனியார் பள்ளிகளை எட்டியும் பார்க்கவில்லை.

அடுத்து, அண்ணை மனதுக்குள் முடிவே கட்டியிருந்த பள்ளி. பரீட்சை வைத்து எடுக்கும் அரசாங்கப் பள்ளி. பட்டியலில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அலுவலகத்து அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பரீட்சைக்குப் பதிவு செய்யும் நாள் முடிந்துவிட்டது. அதற்கொரு படிவம் இருக்கிறது, ஒரே ஒரு தாள். ஆறு பள்ளிகளுக்கும் அந்த ஒரு பரீட்சைதான். இந்த வருடம் இனி ஒன்றும் செய்ய முடியாது.

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு டேர்மினுக்கு, குறித்த நேரச் சந்திப்புக்கு, இருபது நிமிடம் முந்திப் போய் நிற்கிற மனிதர். பதினான்கு மாப்பெ அனுப்பினார், அந்த ஒரு தாளை அனுப்பவில்லை. காருக்குள் வந்து இருந்தார். திறப்பைப் போட்டார், முறுக்கவில்லை. மழை கண்ணாடியில் அடித்தது.

"பிள்ளையின்ரை வாழ்க்கையைப் பாழாக்கிப்போட்டன் தம்பி" என்றார். அந்தப் பெரிய மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பதினான்கு முகவரியையும் எழுதிய கை என்னுடையதல்லவா.

பின்னால் இருந்து யாழினி மெல்ல, "அப்பா, எனக்கு அவசரமா ஒண்டுக்குப் போகோணும்" என்றாள்.

அதனால்தான் அந்தத் தெருமுனையில் இருந்த பள்ளிக்கூடத்துக்குள் காரை விட்டோம். பட்டியலில் பதினான்காவது. எல்லோரையும் சேர்க்கும் சாதாரணப் பள்ளி. பெயர்ப்பலகையில் பாசி. கம்பளித் தொப்பி போட்ட உயரமான மனிதர் ஒருவர் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வை. ஓடிப்போய்ப் பிள்ளைக்குக் கழிவறையைத் திறந்துவிட்டார். அண்ணை காற்று இறங்கிப்போய் நின்றாலும் பழக்கதோஷம், வெளியில் வந்த மகளிடம் கேட்டார்.

"கதவு பூட்டுதா?"

"ஓம் அப்பா."

"சுடுதண்ணி?"

"மூண்டு எண்ண முதல் வந்திட்டுது."

தொப்பிக்காரர் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

மழை பெய்கிறதுதான், இருந்தாலும் இதென்ன கேள்வி என்று நான் விழித்தேன். அவர் எங்களைத் தன் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலமாரித் தட்டில் எங்கள் மாப்பெ, யாழினியின் படம் தெரியத் திறந்திருந்தது. கடற்குதிரைப் பத்திரம் சுவரில் ஒட்டியிருந்தது.

அத்தனை வருட வேலையில் தன் பதவியை 'மதிப்புக்குரிய' என்று எழுதி வந்த ஒரே கடிதம் அதுதான் என்றார். மற்றதெல்லாம் இது ஒழுகுகிறது, அது உடைந்தது என்ற முறைப்பாடாம். மாப்பெயைத் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அந்த அம்மா கணக்குப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, குடும்பம் இங்கே குடிவந்தால் பிள்ளைக்கு இடம் இருக்கும், முதலிலிருந்தே கணக்கில் மேல் வகுப்பில் விடலாம் என்றிருக்கிறார். பதில் எழுதும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறார் இந்த மனிதர். எழுதிப் பழக்கமில்லை. மூன்று வாரமாக எழுதிய பாதிக் கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து, வெட்கத்தோடு காட்டினார்.

நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சுவரில் கடற்குதிரையைக் கண்டதுமே அண்ணை அழத் தொடங்கிவிட்டார். பிறகு இரண்டு பேருமாகச் சூடாக்கி அறைக்குப் போனார்கள். அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. குழாயைத் தட்டிக் காதை வைத்து ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார்கள்.

திரும்பும் வழியில் மனோ அக்கா கேட்டார்: "இஞ்சாருங்கோ, இது பட்டியலிலை கடைசிப் பள்ளிக்கூடமல்லோ?"

அண்ணை வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பட்டியலைத் தலைகீழாப் பிடிச்சிட்டன் அப்பா. இப்பதான் தெரியுது."

பல வருட உத்தியோகத்தை விட்டுவிட்டு அடுத்த கோடையில் போனார்கள். விசர், பைத்தியம் என்று சனம் சொன்னது. நானும் சொன்னேன், மனதுக்குள். பள்ளிக்கூட அலுவலகத்தில் நாற்பத்து மூன்று திறப்புகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் மாடிப்படி ஏறியது எனக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்தால் முன்னால் நிற்கிறார். இடுப்பு வெறுமையாக இருந்தது, பார்க்கப் பொறுக்கவில்லை. போகும் அவசரத்தில் என் வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கேட்க நான் மறந்துபோனேன். மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"தம்பி, பள்ளிக்கூடத்திலையிருந்து முறைப்பாட்டுக் கடிதம் வந்திருக்கு. பெட்டை கணக்கிலை முதலாம் பிள்ளை. ஆனால் வகுப்பிலை வாய் மூடுறாளில்லையாம்!" உலகக் கிண்ணம் வென்ற குரல். "ஃபிறேம் போட்டுச் சுவரிலை மாட்டப்போறன்."

"நீங்கள் என்ன அண்ணை செய்யிறியள் இப்ப?"

பதிலுக்கு ஒரு சத்தம் மட்டும் வந்தது. கிலுங், கிலுங், கிலுங். தொப்பிக்காரருக்கு உதவி ஆளாக அண்ணையை அந்தப் பள்ளிக்கூடமே எடுத்துவிட்டதாம்.

"உம்மடை திறப்பும் இதிலைதான் கிடக்கு. பூட்டுப்பட்டு நிண்டால் சொல்லும், டக்கெண்டு வாறன்."

வீட்டுக்காரர் பூட்டை மாற்றித் தரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதும் திறப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறபோது, பூட்டுக்காரனைக் கூப்பிட முதல், மேல்மாடிப் படிகளில் யானை இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.