நெல்லிக்கொல்லை மக்களவைக்குப் போய்வந்த வரலாறு

ஒரு ஜனநாயக நாட்டில் ஓர் ஊருக்குப் பஸ் இல்லாமல் இருக்கலாம், ஆஸ்பத்திரி இல்லாமல் இருக்கலாம், ஆனால் மக்களவைப் பிரதிநிதித்துவ வரலாறு மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் ஒருநாள் முடிவானது. முடிவெடுத்தது யார் என்று கேட்காதீர்கள். மேலிடம் என்றால் மேலிடம்தான். உடனே 'மக்களவைப் பிரதிநிதித்துவ வரலாற்றுத் தொகுப்புப் பிரிவு' என்று ஒன்று தொடங்கப்பட்டது. பெயர்ப் பலகை அலுவலக வாசலைவிட நீளமாக அமைந்துவிட்டதால் அதைப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். பலகையைப் பார்த்து வருகிறவர்கள் இன்றைக்கும் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

பிரிவுக்கு ஒரு துணை இயக்குநர், பஞ்சாட்சரம். அவருக்குத் துணையாகச் சென்னையிலிருந்து ஒரு 'வரலாற்று அனுபவ வடிவமைப்பாளர்', ரேணுகாதேவி. இந்தக் காலத்தில் வரலாற்றை எழுதினால் போதாது, அதை வடிவமைக்கவும் வேண்டும். முதலில் எந்த ஊரை எடுத்துக்கொள்வது என்று யோசித்தபோது ரேணுகாதேவி, "மலைக்கிராமம்னா விஷுவல்ஸ் நல்லா வரும் சார்" என்றார். இப்படியாக, தீவிர ஆய்வுக்குப் பிறகு, ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கமிருந்து ஏறினால் கடைசியாக வரும் நெல்லிக்கொல்லை தேர்ந்தெடுக்கப்பட்டது.

நெல்லிக்கொல்லைக்கோ அப்போது வேறு கவலை. போன வருஷம்தான் ஊர் வரைக்கும் தார் ரோடு போட்டார்கள். ரோடு வந்தது, பஸ் வரவில்லை. பஸ் பழையபடி கீழூரிலேயே திரும்பிவிடும். அங்கிருந்து மேலே காட்டு வழி. கரடி நடமாட்டம் உண்டு. வார்டு உறுப்பினர் அம்சவல்லியின் மகள் கவியாவுக்கு வாணியம்பாடிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டிலேயே காட்டில் இறங்க வேண்டும். பஸ் மேலே வந்தால் படிப்பு, வராவிட்டால் ஓசூரில் ஏதாவது கம்பெனி வேலை. கல்லூரி திறக்க ஒரு மாதம்கூட இல்லை. அம்சவல்லிக்கு ராத்திரியில் தூக்கமே இல்லாமல் போயிருந்தது.

ஆகவே ஒருநாள் காலையில் அரசு ஜீப் ஒன்று ஊருக்குள் நுழைந்ததும், பஸ்ஸுக்குப் பாதை பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவள் ஓடினாள்.

"வாங்க சார். ரோடு பார்த்தீங்களா? பஸ்ஸு தாராளமா திரும்பும்ங்க."

"பஸ் எங்கள் பிரிவில் வராதும்மா" என்றார் பஞ்சாட்சரம். "நாங்கள் வரலாறு."

ஊர் கூடியது. ரேணுகாதேவிக்குச் சாமைச் சோறு வேண்டுமாம், அதுவும் மண் சட்டியில். ஊரில் எல்லா வீட்டிலும் அன்று ரேஷன் அரிசிதான் கொதித்துக்கொண்டிருந்தது. சாமையை வியாபாரி வாங்கிக்கொண்டு போய் நாளாகிவிட்டது. கடைசியில் ரேணுகாதேவியே தம் பையிலிருந்து ஒரு சாமை பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அதன்மேல் 'ஜவ்வாது மலையின் பாரம்பரியம்' என்று அச்சடித்திருந்தது. அம்சவல்லியின் பக்கத்து வீட்டு மங்கம்மாள் அதைப் பொங்கிக் கொடுத்தாள். படம் எடுத்து முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்ததால் ரேணுகாதேவி அதைச் சாப்பிடவில்லை.

பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுதந்திரம் வந்ததிலிருந்து உங்களை மக்களவையில் பிரதிநிதித்துவப்படுத்திய உறுப்பினர்களைப் பற்றி உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்."

ஊர்ப் பெரியதனக்காரர் தேவராஜ் கேட்டார்.

"பிரதிநிதின்னா இன்னாங்க சார்?"

"உங்களுக்குப் பதிலாக அங்கே போய் உட்கார்ந்திருப்பவர்."

"அட, மாத்தாளு" என்றார் தேவராஜ். ஊருக்கே உயிர் வந்தது.

மாத்தாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை முடிந்ததும் திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பாதையில் மண்டிய முள்ளையும் புதரையும் வெட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம். அவர்தான் மாத்தாள். அவர் வெட்டினால் அந்த வீடு வெட்டிய மாதிரி. அவர் மரத்தடியில் படுத்துத் தூங்கினால் அந்த வீடே தூங்கிய மாதிரி, மறுநாள் வீட்டுக்காரர் கத்தியோடு வந்து நிற்க வேண்டும். சாயங்காலம் மாத்தாள் கோயில் முன்னால் நின்று, எங்கிருந்து எதுவரை வெட்டினேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு.

"உங்க தில்லி மாத்தாளுங்க ஒருத்தரும் வந்து சொல்லலியே சார்" என்றார் தேவராஜ். "அங்க இன்னும் சாயங்காலம் ஆவல போலக்கீது."

பஞ்சாட்சரத்தின் காதில் இது விழவில்லை. மாத்தாள் வெட்டினால் அந்த வீடே வெட்டிய மாதிரி என்ற இடத்திலேயே அவர் மயங்கிப்போயிருந்தார். அரசியல் தத்துவத்தில் பட்டம் வாங்கியவர் அவர். பட்டம் வாங்கிய பிறகு அது உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை.

"ஆக, அவர் செய்தது எல்லாம் நீங்கள் செய்தது?"

"ஆமாங்க. நல்லது செஞ்சாலும் எங்க தலையில, தூங்கினாலும் எங்க தலையில."

"அற்புதம். அவர் சாப்பிட்டால்?"

"நாங்க சாப்ட்ட மாதிரிதான். பசிதான் அடங்காது."

பசி அடங்காத விஷயம் குறிப்பில் ஏறவில்லை. மற்றதெல்லாம் ஏறியது.

பத்து நாளில் ஊரின் சமுதாயக் கூடத்தில் வரலாற்று அரங்கம் தயாரானது. சுவர் முழுக்கப் பளபளக்கும் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் கொட்டை எழுத்தில் ஒரு பெருமை. நெல்லிக்கொல்லை மக்கள் தொடர்ந்து பல்லாண்டுகளாகத் தலைநகருக்கு விமானத்தில் சென்று வந்துள்ளனர். நெல்லிக்கொல்லை மக்கள் கப்பல் போக்குவரத்து மசோதாவை ஆதரித்து, பிறகு எதிர்த்து, பிறகு வெளிநடப்பும் செய்துள்ளனர். நெல்லிக்கொல்லை மக்கள் சாலைப் பாதுகாப்பு பற்றி அறிந்துவர ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டு, அங்குள்ள ஏரி ஒன்றில் படகில் சென்றுள்ளனர். வாசலில் செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு நாற்காலி, மக்களவை இருக்கை மாதிரியே பச்சை மெத்தை வைத்தது. அதில் முதலில் ஏறி உட்கார்ந்தது தேவராஜின் ஆடு. அதையும் யாரோ படம் பிடித்துப் போட்டு, அரங்கம் பிரபலமாகிவிட்டது.

ஊரிலும் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்தது. "நாம ஐரோப்பாவுக்குப் போயிருக்கோம், தெரியுமா" என்று மங்கம்மாள் கீழூர்ச் சந்தையில் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி நடந்துதான் வந்தாள்.

அம்சவல்லி மட்டும் இதில் சேரவில்லை. பஸ் கேட்டுக் கொடுத்திருந்த மனு என்ன ஆனது என்று பார்க்கப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ராஜ்குமார் என்று ஓர் அதிகாரி. மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க மனு நிராகரிக்கப்பட்டிருக்குங்கம்மா."

"ஏன் சார்? ரோடு கீதே."

"ரோடு இருக்கு. ஆனா எந்தப் போக்குவரத்து வசதியும் இல்லாத ஊருக்குத்தான் முதல்ல பஸ். உங்க ஊர் விமான வசதி பெற்ற ஊர்."

அம்சவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கேலி எதுவும் இல்லை.

"யார் சார் சொன்னது?"

"அரசு அரங்கத்திலேயே எழுதியிருக்கே. ஒரு பிரிவு எழுதினதை இன்னொரு பிரிவு பொய்னு சொல்ல முடியுமா? மேலும் ஐரோப்பாவில் படகு வசதியும் இருந்திருக்கு."

"அது நாங்க இல்ல சார், எங்களுக்கு பதிலா எம்.பி. போனது."

"நீங்க போனதாத்தானே உங்க ஊர்ப் பெரியவரே சொல்லியிருக்கார். நாங்க என்ன, ஊர்ப் பழக்கத்துல தலையிடுறதா?"

எழுந்து வரும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் படிப்பை, எவரோ எப்போதோ ஏறிய விமானம் தூக்கிக்கொண்டு போகிறது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. நேராகப் பஞ்சாட்சரத்தின் அலுவலகத்துக்குப் போய், சுவரில் ஒருமுறை முட்டிக்கொண்டு, பிறகு வாசலைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தாள்.

"அந்தப் பலகைய எடுத்துடுங்க சார்."

"வரலாற்றை மாற்ற முடியாதும்மா."

"போன வாரம்தானே எழுதினீங்க."

"போன வாரம் நடந்ததும் வரலாறுதான்."

"அப்ப நான் கலெக்டராண்ட போறேன். பேப்பர்காரங்களாண்ட போறேன். எங்க ஊர்ல ஒருத்தரும் ஏரோப்ளேன கிட்டத்துல கூட பார்த்ததில்லன்னு சொல்றேன்."

பஞ்சாட்சரம் பதறிப்போனார். அரங்கத்தை முறைப்படி திறந்துவைக்க மறுவாரம் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. அவர் ரேணுகாதேவியைப் பார்த்தார். ரேணுகாதேவி கூரையைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் யோசனை வந்தது.

"அம்மா, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குத் தேவை" என்றார் பஞ்சாட்சரம். "வரலாற்றுக் குழுவில் வார்டு உறுப்பினருக்கென்று ஒரு மக்கள் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறது. வாணியம்பாடியில் குழு தினமும் கூடும். காலையில் உங்கள் வீட்டு வாசலுக்கே அரசுக் கார் வரும். சாயங்காலம் கொண்டுவந்து விடும்."

"தினமும் இன்னா சார் வேலை?"

"அதைத்தான் தினமும் கூடி முடிவு செய்வோம்."

அம்சவல்லி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கார், வாணியம்பாடி, காலை, சாயங்காலம் என்ற நான்கு சொற்களும் அவள் மனசுக்குள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு நின்றன.

"கார்ல எம்மவ வரலாமா?"

"பிரதிநிதியின் குடும்பத்தார் வரலாம். விதியில் இடமிருக்கிறது."

கல்லூரி திறந்த அன்று காலையில் வெள்ளைக் கார் நெல்லிக்கொல்லைக்கு வந்தது. கவியா புதுச் சீருடையில் ஏறினாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது அம்சவல்லிக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. குழுக் கூட்டமும் குறைவில்லாமல் நடந்தது. டீ, வடை, அதன் பிறகு மறுநாள் கூடுவதற்கான தீர்மானம். இரண்டாவது வாரத்தில் போண்டா சேர்க்கப்பட்டது.

மங்கம்மாளின் மகள் ரம்யாவுக்கும் வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒருநாள் காலை தாயும் மகளும் காரை வழிமறித்தார்கள்.

"பெரிம்மா, பின்னாடி சீட்டு காலியாத்தான கீது" என்றாள் ரம்யா.

"கீதும்மா. ஆனா இது குழு வண்டி. டிரைவருக்குப் பிரச்சினையாயிடும்."

"அப்ப பஸ்ஸு இன்னா ஆச்சுக்கா? கேட்டியா?" என்றாள் மங்கம்மாள்.

"கேட்டுக்கினுதான் இருக்கேன். அதுவரைக்கும், ஊருக்கு பதிலா எம்மவ போய்ப் படிக்கிறான்னு வச்சிக்கோயேன்."

இந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்று அம்சவல்லிக்கே திடுக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டாள். வெட்கப்பட்டாளே தவிரக் கதவைத் திறக்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அவள் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ரம்யா அந்த வருஷம் ஓசூருக்கு வேலைக்குப் போனாள்.

அடுத்த ஊராட்சித் தேர்தல் வந்தது. நெல்லிக்கொல்லை வார்டுக்கு இதற்கு முன்னால் ஆள் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவர் போட்டி. ஐரோப்பாப் பலகைக்கு அடியில் நின்று எல்லோரும் பிரச்சாரம் செய்தார்கள். மங்கம்மாளும் நின்றாள். அவளுக்குத்தான் கூட்டம் அதிகம், ஏனென்றால் ஊரிலேயே அதிகமாக ஏமாந்தவள் அவள்தான், அவளுக்குத்தான் பஸ்ஸின் அருமை தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

தேவராஜ் அவளிடம் நேராகவே கேட்டார். "ஏம்மா மங்கம்மா, உனக்கு ஓட்டுப் போட்டா ஊருக்குப் பஸ்ஸு வருமா?"

மங்கம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"வரவுட மாட்டேன் மாமா. பஸ்ஸு வந்துட்டா காரை நிறுத்திடுவாங்களே. எம்பொண்ணு ஓசூர்லருந்து திரும்பி வந்து எதுல காலேஜுக்குப் போவா?"

அவள் சொன்னது ஊருக்கும் நியாயமாகத்தான் பட்டது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள்.